பனை மரத்திலிருந்து நிலவறைக்கு: கூம்பு ஒலிபெருக்கியின் கதை

கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவின் மகன் தன் வீட்டு நிலவறையில் ஒரு சிறு படமாளிகை அமைத்திருக்கிறான். அதற்கென்று யாரோ ஒரு முதியவரிடமிருந்து பழைய மூலைக் கூம்பு ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கி, நான்கு பேரை வைத்துத் தூக்கிப் படியிறக்கியிருக்கிறான். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு அலுமாரி அளவு. அவற்றைப் பொருத்திய வாரம் தொலைபேசியில் என்னிடம் கேட்டான்: "மாமா, எங்கட கோயில் மரத்தில கட்டியிருந்த ஸ்பீக்கரும் இதுவும் ஒரே சாதிதானே?"

ஒரே சாதிதான் என்றேன். சொல்லிவிட்ட பிறகு, அந்தச் சாதியின் வரலாற்றைச் சற்று ஒழுங்காக எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. பத்திரிகைக் காலத்தில் அரசியலுக்கும் அகதி முகாமுக்கும் இடம் ஒதுக்கியது போக இத்தகைய விடயங்களுக்குப் பக்கம் மிஞ்சுவதில்லை.

பாலையூற்றை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர். பாலை மரமும் ஊற்றும் சேர்ந்த பெயர். ஊற்று என்று பெயர் வைத்த ஊரில் நிலத்தைத் தோண்டி அறை கட்ட எவரும் துணிவதில்லை. எங்களுக்கு நிலவறை என்பது கதைகளில் வரும் சங்கதி. ஆகவே எங்கள் ஊரில் கூம்பு ஒலிபெருக்கிக்கு உரிய இடம் மரம்தான். பனை, தென்னை, சில வேளைகளில் தேவாலய முற்றத்து வேம்பு. கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, தேவாலயத் திருவிழா, கோயிற் பொங்கல், வாசிகசாலை ஆண்டு விழா, தேர்தற் கூட்டம், இழவுச் செய்தி எதுவானாலும் முதலில் வருபவர் ஒலிபெருக்கிக்காரர். தோளில் கயிற்றுச் சுருளும் கையில் குறடுமாக அவர் மரத்தில் ஏறும்போதே ஊர்ச் சிறுவர்களுக்கு விழா தொடங்கிவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பகுதிக்கு வந்துகொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் ஒருவரை இன்றும் மறக்கவில்லை. எழுத்தறிவு குறைந்தவர். ஆனால் எந்த மரத்தில், எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிக் கட்டினால் எந்த ஒழுங்கைவரை கேட்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கூம்பின் வாயைச் சனக்கூட்டத்தின் முகத்துக்கு நேரே வைக்கமாட்டார். தலைக்கு மேலாகப் போகும்படி உயர்த்தி, நுனியில் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பார். இரண்டு கூம்புகளைத் தூரத்தூர வைக்க நேர்ந்தால் பேச்சாளரை மெதுவாகப் பேசச் சொல்வார். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். 170 மீற்றர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் இருந்தால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு மற்றதன் சொல் அரை விநாடி பிந்தி வந்து முந்திய சொல்லின் மேல் ஏறும். இந்தக் கணக்கை அவர் எங்கும் படிக்கவில்லை. "சொல்லுக்குச் சொல் மூச்சு விடுங்கோ ஐயா" என்று மட்டும் சொல்வார். அதே நேரப் பிசகுதான் அமெரிக்கப் படமாளிகைகளில் பெரும் பொறியியலாளர்களைத் திணறடித்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கூம்பு செய்யும் வேலை என்ன? அது ஒலியைப் பெருக்கும் மந்திரப் பொருளல்ல. அதிர்கின்ற தகடு கனமானது, காற்றோ மிக இலேசானது. தகடு தனித்து அசைந்தால் காற்று அதற்குப் பிடி கொடுக்காமல் விலகிவிடும். கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்களவே ஒலியாகும், மற்றவை வெப்பமாக வீணாகும். சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கிகளின் நிலை இன்றும் இதுதான். தகட்டின் முன்னே ஒடுங்கிய கழுத்தை வைத்து, அதைப் படிப்படியாக விரித்துக்கொண்டு போனால், கழுத்தில் சிறைப்பட்ட காற்று தகட்டுக்கு வேண்டிய எதிர்ப்பைக் கொடுக்கும். அந்த அழுத்தம் சிறிது சிறிதாக விரிந்து வெளிக்காற்றோடு கலக்கும். நல்ல கூம்பில் நூற்றில் இருபது, முப்பது பங்குகூட ஒலியாகலாம். நாதஸ்வரத்தின் உடல் மேலிருந்து கீழாக விரிந்து போவதும் அதன் முனையில் அணசு பொருத்தப்பட்டிருப்பதும், சங்கும் எக்காளமும் அவ்வடிவில் இருப்பதும் இதே காரணத்தால்தான். நம்மவர்களுக்குக் கூம்பு புதிதல்ல, மின்சாரம்தான் புதிது.

ஆனால் கூம்புக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அதன் வாயின் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அலைநீளத்துக்குக் கீழே அது இறங்காது. கோயில் மரத்துக் கூம்பின் வாய் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுடையது. சுற்றளவு ஒன்றரை மீற்றருக்குள். எனவே 250 ஹேர்ட்ஸ் அளவிலேயே அதன் கீழ் எல்லை முடிந்துவிடும். தவிலின் வலந்தலை சடசடவென்று வந்து விழும். தொப்பியின் கும்காரம் வராது. நாதஸ்வரமும் சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் அந்தக் கூம்பில் ஏன் அவ்வளவு துலக்கமாகக் கேட்டன என்பதற்கும் விடை இதுவே. அந்தக் கருவியும் அந்தக் குரலும் வாழும் இடம் கூம்பு திறந்திருக்கும் இடம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877இல் வந்தது. பேர்லினரின் தட்டு கிராமபோன் அதற்குப் பத்தாண்டு கழித்து. இரண்டிலும் ஒலியை வெளியே கொணர்ந்தது கூம்புதான், ஆனால் மின்சாரம் இல்லை. மின்சாரத்தையும் கூம்பையும் வெற்றிகரமாக இணைத்தவர்கள் கலிபோர்னியாவில் நாப்பா என்ற இடத்தில் உழைத்த பீற்றர் ஜென்சனும் எட்வின் பிரிதமும். 1915இல் தங்கள் கருவியைப் பொதுமக்கள் முன் காட்டினார்கள். அதற்கு இலத்தீன் மொழியில் 'பெருங்குரல்' என்று பொருள்படும்படி 'மக்னவொக்ஸ்' என்று பெயரிட்டார்கள். 1919 செப்டெம்பர் 19ஆம் திகதி சான் டியாகோ மைதானத்தில் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன், ஏறக்குறைய 50,000 பேர் முன்னிலையில், கண்ணாடிக் கூண்டொன்றினுள் நின்று இக்கருவியின் மூலம் பேசினார். ஒரு மனிதக் குரல் எவ்வளவு பெரிய கூட்டத்தை எட்டலாம் என்பதற்கு இயற்கை வகுத்த வரம்பு அக்காலத்தில்தான் தகர்ந்தது. அதன் பின் வந்த அரசியல் எல்லாவற்றுக்கும், நல்லதற்கும் கெட்டதற்கும், இதில் ஒரு பங்குண்டு.

இலங்கைக்கும் இது பிந்தி வரவில்லை. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு 1924இல் எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. அக்காலத்து வானொலிப் பெட்டிகளுடன் வந்த ஒலிபெருக்கி, அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த கூம்பே. தாள் கூம்பைப் பெட்டியில் அடைக்கும் முறையை ரைஸ், கெலொக் என்ற இருவர் 1925இல் வெளியிட்ட பிறகு, வீடுகளிலிருந்து குழாய்க் கழுத்து மெல்ல மறைந்தது. மலிவு, சிறிய உருவம், கீழ்ச் சுருதியும் வரும் என்ற மூன்றும் அதற்குக் காரணங்கள். கூம்பு மைதானத்துக்கும் படமாளிகைக்கும் போய்ச் சேர்ந்தது.

திருகோணமலைக்கு அது கடற்படையுடனும் வந்திருக்கும். இலண்டனில் கை பவுண்டன் 1926இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டானோய். போர்க்காலத்தில் பிரித்தானிய விமானத் தளங்களிலும் கப்பல்களிலும் அதன் ஒலிபெருக்கிகள் அவ்வளவு பரவியதால், ஆங்கிலேயர் வாயில் அப்பெயரே ஒலிபெருக்கிக்குரிய பொதுச் சொல்லாயிற்று. சீனன்குடா விமானத் தளமும் துறைமுகமும் ஜப்பானியரின் குண்டுகளை வாங்கிய 1942 ஏப்ரல் 9ஆம் திகதியைப் பற்றி எங்கள் பெரியவர்கள் பேசும்போது, குண்டுச் சத்தத்துக்கு முதல் சொல்வது அபாயச் சங்கைத்தான். 1957இல் பிரித்தானியர் துறைமுகத்தை விட்டுப் போனார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாக மக்கள் திருமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தகைய கூட்டங்களைக் கூம்பு ஒலிபெருக்கி இல்லாமல் கற்பனை செய்வதும் கடினம்.

படமாளிகைக்கு வருவோம். 1926 ஓகஸ்டில் நியூயோர்க்கில் வைட்டபோன் முறையில் முதல் நீளப்படம் காட்டப்பட்டபோது, திரைக்குப் பின்னே இருந்தவை வெஸ்ரேர்ண் எலெக்ரிக் நிறுவனத்தின் பெரும் கூம்புகள். அவற்றை இயக்கிய 555 என்ற இலக்கமுடைய கருவி வென்ற், துராஸ் என்ற இரு பொறியியலாளர்களின் ஆக்கம். அன்றைய வால்வுப் பெருக்கிகள் சில வாட்டுகளே தரக்கூடியவை. அந்தச் சில வாட்டுகளால் ஆயிரம் பேர் அமர்ந்த மண்டபத்தை நிரப்ப வேண்டுமானால் கூம்பைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. பேசும்படம் உலகெங்கும் போனது இந்தச் சிக்கனத்தால்தான். 1931 ஒக்ரோபர் 31ஆம் திகதி சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' பேசியதையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒலிவாங்கியே இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் பாடிய பாணிக்கும் அத்தோடு வயது போய்விட்டது.

ஹொலிவூட்டில் எம்ஜிஎம் நிறுவனத்தார் ஒரு சிக்கலைக் கண்டார்கள். கீழ்ச் சுருதிக்கு ஒரு நீண்ட கூம்பும் மேற்சுருதிக்கு ஒரு குறுகிய கூம்பும் வைத்துப் பார்த்தபோது, தட்டு நடனக் காட்சியில் ஒரு தட்டு இரு தட்டாகக் கேட்டது. நீண்ட கூம்பினுள் ஒலி கூடுதலாகப் பல அடி நடந்து வந்ததே காரணம். ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பிந்தும். எட்டு அடி வித்தியாசத்தைக் காது மன்னிக்காது. டக்ளஸ் ஷியரரின் பகுதியில் ஜோன் ஹிலியார்ட் முதலானோர் இரண்டு கூம்புகளின் நீளத்தையும் பொருத்தி அமைத்த ஒலிபெருக்கி, 1936ஆம் ஆண்டுக்கான அக்கடமித் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. எங்கள் ஒலிபெருக்கிக்காரர் "மூச்சு விடுங்கோ" என்று சொல்லிச் சமாளித்த அதே பிசகு. அவருக்கு விருது கிடைக்கவில்லை. சில வீடுகளில் கூலியே பிந்தித்தான் கிடைத்தது.

இத்தனை பெரிய பொருளை வீட்டுக்குள் கொண்டுவர முனைந்தவர்களுள் முதன்மையானவர் போல் வொய்க்ற். இலண்டனில் ஜேர்மானியப் பெற்றோருக்கு 1901இல் பிறந்தவர். எடிசன் பெல் நிறுவனத்தில் பணியாற்றி, அது வீழ்ந்த பிறகு சொந்தமாகப் படமாளிகைக் கூம்புகள் செய்தவர். 1934இல் வீட்டு மூலைக்கென ஒரு கூம்பை உருவாக்கினார். இந்த மூலையின் இரகசியத்தை விளங்கிக்கொண்டால்தான் மருமகனின் நிலவறை விளங்கும். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். அதை வெட்டவெளியில் ஒழுங்காக வெளியிடக் கூம்பின் வாய்க்கு இரண்டே முக்கால் மீற்றர் விட்டம் வேண்டும். யார் வீட்டில் அதற்கு இடமிருக்கும்? ஆனால் இரு சுவர்களும் தரையும் சந்திக்கும் மூலையில் வைத்தால், ஒலி பரவும் வெளி எட்டில் ஒன்றாகிறது. வாயின் பரப்பும் எட்டில் ஒன்று போதும். விட்டம் ஒரு மீற்றருக்குள் வந்துவிடும். அறையின் சுவர்களே கூம்பின் மிகுதிப் பகுதியாகிவிடுகின்றன.

வொய்க்றின் பிற்காலம் என்னை யோசிக்க வைத்த ஒன்று. 1950இல் அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டுக் கனடாவுக்கு, அதுவும் ரொறன்ரோவுக்கு வந்தார். வந்தவர் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடரவில்லை; அரசாங்க வானொலிப் பிரிவில் வேலை பார்த்து, 1981இல் ஒன்ராறியோவிலேயே காலமானார். கற்ற தொழிலைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்த எத்தனை நம்மவர்களை அதே நகரத்தில் நான் சந்தித்திருக்கிறேன்!

அமெரிக்காவில் ஆர்கன்சோ மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில், போர்க்கால ஆயுதப் பரிசோதனைக் களத்தில் பணிபுரிந்த போல் கிளிப்ஷ் என்பவர் மூலைக் கூம்பை மடித்துச் சுருக்கினார். 1946இல் விற்பனைக்கு வந்த அந்த 'கிளிப்ஷ்ஹோர்ன்' இன்றும் செய்யப்படுகிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 104 டெசிபல் அளவில் ஒலி தரும் என்பார்கள். சாதாரணப் பெட்டி 88 தரும் என்று வைத்தால், பதினாறு டெசிபல் வித்தியாசம். அதாவது பெட்டிக்கு 40 வாட்டு கொடுக்க வேண்டிய இடத்தில் இதற்கு ஒரு வாட்டு. கிளிப்ஷ் 2002இல் 98 வயதில் மறைந்தார்.

ஆகவே ரொறன்ரோ நிலவறை கூம்புக்கென்றே கட்டியது போன்ற இடம். கொங்கிறீற் சுவர் அசையாது. கீழ்ச் சுருதியை விழுங்காது. ஆனால் என் மருமகன் அதன் முன்னால் மரச்சட்டம் அடித்து மெல்லிய பலகைச் சுவர் போட்டிருந்தான். அந்தப் பலகை கீழ்ச் சுருதிக்குச் சேர்ந்து ஆடியது. இரு மூலைகளிலும் ஏறக்குறைய நான்கு அடி தூரத்துக்கு அதைக் கழற்றி, பின்னால் இடைவெளியின்றி இறுக்கமாக அடைத்த பிறகே தவிலின் தொப்பி வந்தது என்றான். அறை இருபது அடி நீளம், ஏழடி உயரம். நீளவாக்கில் 28 ஹேர்ட்ஸ் அளவிலும் உயரவாக்கில் 80 ஹேர்ட்ஸ் அளவிலும் அறை தானே கூடப் பாடும். இருக்கையை நடுவிலோ பின்சுவரோடோ போடாமல் சற்று விலக்கிப் போட்டால் குறையும். உணர்திறன் கூடிய கூம்பு பெருக்கியின் மெல்லிய இரைச்சலையும் ஒளிக்காமல் காட்டிவிடும். மரத்துக் கூம்பில் மின் உறுமலின் அடிச்சுருதி கேட்காது. எல்லைக்கு மேலுள்ள சிணுக்கம்தான் கேட்கும். இங்கோ கனேடிய மின்சாரத்தின் 60 ஹேர்ட்ஸ் உறுமல் மூலையில் முழுதாக நின்று உறுமியது. ஒரு கம்பியின் நிலத்தொடுப்பைத் திருத்த இரண்டு வாரமாம். மூலைக்கொன்றாக நிற்கும் இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக நடுவே ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் பேசுபவரின் குரல் வாயிலிருந்து வராது. அதுவும் புதுக் கண்டுபிடிப்பல்ல. 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் இசைத்ததை வாஷிங்டன் மண்டபத்துக்குக் கம்பிவழி கொண்டுவந்த பெல் ஆய்வுகூடத்தார், மூன்று தனித்தனிப் பாதைகளையும் மூன்று பெரும் ஒலிபெருக்கிகளையுமே பயன்படுத்தினார்கள்.

இதுவரை எழுதியது தொழில்நுட்பம். இதோடு நிறுத்தியிருந்தால் என் மனச்சாட்சி ஒப்பியிராது.

கூம்புக்கு இன்னொரு வரலாறும் எங்கள் மண்ணில் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து அது மரத்தை விட்டு வாகனத்துக்கு ஏறியது. அதிகாலையில் ஒழுங்கை முனையில் ஜீப் ஒன்று வந்து நிற்கும். கரகரத்த தமிழில், ஆண்கள் அனைவரும் பாடசாலை மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவிப்பு எழும். சுற்றிவளைப்பு, அடையாள அணிவகுப்பு, முகம் மூடிய தலையாட்டி. சீருடைகள் மாறின, மொழியின் உச்சரிப்பு மாறியது, ஒலித்த கருவி மாறவில்லை. கேட்பவர் எவரானாலும் தவறாமல் எட்டும் என்ற அதன் குணமே அதற்குக் காரணம். விரும்பாதவர் காதையும் அது விடாது. 2004 டிசெம்பரில் கடல் வந்து போன பிறகும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் அதே கூம்புகள்தான் காணாமற்போனோரின் பெயர்களை வாசித்தன. அந்த நாட்களில் குறிப்புப் புத்தகத்துடன் அவற்றின் கீழே நின்று பெயர்களை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இலங்கை உயர்நீதிமன்றம் 2007 நவம்பரில் வழங்கிய கட்டளையையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கலாகாது என்றும், விசேட சமய நிகழ்வுகளுக்கு மட்டும் அயலவரின் நிலையறிந்து விலக்களிக்கலாம் என்றும் பணித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து எழுதிய நண்பர்கள் எனக்குண்டு. ஒரு பள்ளிவாசலின் வழக்கில் பிறந்த கட்டளை எல்லா மதத்தினரிடமும் ஒரே அளவில் செல்லுமா என்ற அவர்களது ஐயம் நியாயமானது. நடைமுறையில் அது அவ்வாறு செல்லவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தீர்ப்பின் அடிப்படையை நான் ஏற்கிறேன். இரவில் நிலம் குளிர்ந்து, மேலே சூடான காற்று நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். நகரத்துக் கோயில்களின் பாட்டு பாலையூற்றில் சொல் விளங்கக் கேட்ட இரவுகள் உண்டு. எனக்கு அது சுகமாயிருந்தது. பிரசவ வீட்டிலும் மரண வீட்டிலும் இருந்தவர்களை எவரும் கேட்டதில்லை.

இப்போது அக்காவின் விடயம். அவ மகனோடுதான் இருக்கிறா. கூம்புகளைப் பொருத்தி முடித்த அன்று அவன் முதலில் போட்டுக் காட்டியது ஒரு படம். தொடக்கத்தில் ஆண் குரலில் ஒரு அறிவிப்பு. ஒரு வசனம் முடிவதற்குள் அக்கா எழுந்து படியேறிப் போய்விட்டா. சத்தம் கூடிவிட்டது என்று நினைத்து அவன் குறைத்தான். சத்தம் பிரச்சினையல்ல. பிறகு என்னிடம் தொலைபேசியில் சொன்னா: "தம்பி, அது மைதானத்துக்கு வரச்சொல்லுற குரல் மாதிரியே கிடந்தது." 1990இல் அவ்வாறு அழைக்கப்பட்டுப் போன அத்தான் அன்று மாலை திரும்பி வந்தார்; அவருடன் போன அயலவர் இருவர் வரவில்லை. மருமகனுக்கு அப்போது இரண்டு வயது. இந்தக் கதையை அவனுக்கு எவரும் முழுதாகச் சொன்னதில்லை. நானும் சொல்லாதவர்களில் ஒருவன்.

ஒலியியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். மனிதப் பேச்சின் விளக்கம் பெரும்பாலும் 500 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையிலேயே இருக்கிறது; எந்தக் கூம்பும், மலிவோ விலையுயர்ந்ததோ, அந்தப் பகுதியை முன்னே தள்ளி முகத்தில் வைக்கும், அதனால்தான் அதை அறிவிப்புக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றார். மருமகன் அளவீட்டு ஒலிவாங்கியொன்றை வாங்கி அந்தப் பகுதியைச் சில டெசிபல் தாழ்த்தியிருக்கிறான். பாலையூற்றுக் கதையையும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் இருந்து அவனுக்குச் சொன்னேன். அவன் அதிகம் பேசவில்லை.

இப்போது படம் பார்ப்பது அக்கா கோயிலுக்குப் போகும் நேரத்தில் மட்டும். அவ வீட்டிலிருக்கும்போது இராஜரத்தினம்பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைப் போடுகிறான். அக்கா நிலவறைக்குள் இறங்குவதில்லை. கதவைத் திறந்துவைத்து, மேற்படியில் அமர்ந்து கேட்கிறாவாம்.